நிழல் மந்திரத்தைப் பிரித்துப் போட்ட கதை

அருப்புக்கோட்டையில் எங்கள் அச்சகம் இருந்த இடத்தில் இப்போது கம்ப்யூட்டர் வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறார்கள். போன மாதம் பேத்தி கல்யாணத்துக்காக அங்கே போயிருந்தேன். பத்திரிகையில் ஒரு பெரியப்பா பெயர் வேண்டாம் என்றதும் அங்கிருந்த பெண் ஒரு பொத்தானைத் தட்டினாள். பெரியப்பா போய்விட்டார்.

"எங்கத்தா போச்சு?" என்று கேட்டேன்.

"டிலீட் ஆயிருச்சு பாட்டி."

"அது தெரியுது. எழுத்தெல்லாம் எங்க போச்சு?"

"எங்கயும் போகல. இல்லாமப் போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேண்டாத எழுத்தை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்கிற வேலைக்காகத்தான் நான் பல வருஷம் சம்பளம் வாங்கினேன். அதைச் சொன்னபோது அவள் நம்பவில்லை. பக்கத்தில் இருந்த அவளுடைய முதலாளி, "அச்சுத் தொழில்ல இருந்தவங்க அனுபவத்தை எல்லாம் சேத்து மலர் போடுறோம். நீங்களும் எழுதிக் குடுங்க" என்றார். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் ஆடு மேய்த்தேன். தப்பு இருந்தால் ஆட்டின் மேல் பழி போட்டுவிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

எங்களுக்குச் சொந்த ஊர் பரளச்சி. வானத்தைப் பார்த்து விதைக்கிற பூமி. அறுபதுகளின் நடுவில் அடுத்தடுத்து இரண்டு வருஷம் நாங்கள் வானத்தைப் பார்த்தோம், வானம் எங்களைப் பார்க்கவில்லை. அப்பா இல்லை. அம்மா, நான், தம்பி முருகேசன், மூன்று பேரும் டவுனுக்கு வந்தோம். அச்சகத்தில் தாள் மடிக்கிற வேலை எனக்குக் கிடைத்தது. அடுத்த வருஷம் முதலாளியிடம் நின்று கெஞ்சித் தம்பியையும் சேர்த்துவிட்டேன். அவன் எட்டாவது வரை படித்தவன். எழுத்துக் கோர்க்கிற கம்பாசிட்டர் வேலைக்குப் பழக எடுத்துக்கொண்டார்கள். "அவன் ஏதாச்சும் கோளாறு பண்ணுனா ஒன்னத்தான் கேப்பேன்" என்று முதலாளி என்னிடம் சொல்லித்தான் சேர்த்தார்.

முதல் இரண்டு வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மடித்தேன். அச்சான தாளை மூங்கில் பத்தையால் அழுத்தி மடிப்பது, வரிசை பார்த்து அடுக்குவது, தைப்பது, மைதாப் பசை காய்ச்சி முதுகில் தடவுவது. பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் போட வேண்டும். ஒரு தடவை மறந்துவிட்டேன். ஒரு கட்டுப் பாடப்புத்தகத்தைக் கரப்பான் தின்றுவிட்டது. "பிள்ளைகளுக்கு முந்தி கரப்பான் பாசாயிருச்சு" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் எங்களை மேய்த்து வேலை வாங்குகிற போர்மேனுடைய கோபத்தைப் பார்த்தேன்.

அவர் சத்தம் போட மாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். கட்டை விரலில் ஆரம்பித்துச் சுண்டு விரலுக்கு வந்து, அடுத்த கைக்குப் போவார். பத்து விரலும் முடிகிற வரை வாய் திறக்க மாட்டார். அதற்குள் நமக்கு ஏழு தலைமுறைக்கும் சேர்த்து வெட்கம் வந்துவிடும். கடைசியில், "சரி. போயி வேலயப் பாரு" என்பார். அவ்வளவுதான். அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம்.

அவரிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு: தொட்ட எழுத்தை அதன் வீட்டில் சேர்த்துவிட்டுத்தான் சோற்றைத் தொட வேண்டும்.

அந்தச் சட்டத்துக்குக் காரணம் இருந்தது. எங்களுடையது சின்ன அச்சகம். ஒரு புத்தகம் முழுவதையும் கோர்க்கிற அளவுக்கு ஈய எழுத்து கிடையாது. எட்டுப் பக்கத்துக்குத்தான் காணும். அந்த எட்டுப் பக்கத்தைக் கோர்த்து இரும்புச் சட்டத்துக்குள் இறுக்கினால் அதற்குப் பெயர் பாரம். பாரத்தை மிஷினில் ஏற்றி அச்சடித்ததும் அவிழ்த்து, ஒவ்வொரு எழுத்தையும் மரப்பெட்டியில் அதனதன் கண்ணறைக்குள் திருப்பிப் போட வேண்டும். அதைத்தான் பிரித்துப் போடுவது என்போம். பிரித்துப் போட்டால்தான் அடுத்த எட்டுப் பக்கம் பிறக்கும். ஈயத்தில் எழுத்தெல்லாம் இடவலம் மாறித் திரும்பியிருக்கும், தாளில் விழும்போதுதான் நேராகும். இது பின்னால் வேலைக்கு வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நிலைமையில் எங்களுக்கு ஒரு நாவல் வந்தது.

எழுதியவர் பாளையம்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி. யாவாரம் இல்லாத நேரத்தில் பொட்டலம் மடிக்கிற தாளின் பின்பக்கத்தில் எழுதி எழுதி, ஒரு மூட்டை சேர்த்துவிட்டார். நிஜமாகவே கோணிச் சாக்கில் கட்டித்தான் கொண்டுவந்தார். தாள் முழுக்க மிளகாய் நெடி. தம்பி கோர்க்கும்போது சோகமான இடமாக இருந்தாலும் சண்டைக் காட்சியாக இருந்தாலும் தும்மிக்கொண்டே இருப்பான்.

கதைக்குப் பெயர் 'நிழல் பிரிந்த கோட்டை'. ராஜா அரிமாவேந்தன், அவனுடைய அக்கா அஞ்சனாதேவி. அக்காளுக்கு ஒரு வித்தை தெரியும். மந்திரம் சொன்னால் மனுஷனிடமிருந்து நிழல் கழன்று வந்துவிடும். நிழல் போனவன் காய்ச்சலில் கிடந்து, அப்புறம் அவள் சொன்னதை எல்லாம் கேட்பான். அவள் அந்த வித்தையைப் பகைவர்களிடம் மட்டும்தான் காட்டுவாள். ஆனாலும் கோட்டையில் எல்லோருக்கும் பயம். அவள் வருகிறாள் என்றால் ஓடிப்போய்த் தூண் நிழலில் ஒளிந்துகொள்வார்கள். மந்திரி தினமும் ராஜா காதில் ஓதுவான்: "இன்று பகைவன் நிழல், நாளை உங்கள் நிழல்." ராஜா கூடப்பிறந்தவளைத் தீயில் தள்ளுவானா மாட்டானா, இதுதான் கதை.

தம்பி வாய்விட்டுப் படித்துக்கொண்டே கோர்ப்பான். நாங்கள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு வேலை பார்ப்போம். மிதி மிஷின் ஓட்டிய காதர் அண்ணன் அன்றன்றைக்கு மந்திரியைத் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அச்சகத்தில் அந்த வருஷம் வந்த மாதிரி ஒழுங்காக யாரும் வேலைக்கு வந்ததே இல்லை. லீவு போட்டால் கதை போய்விடுமே.

இருபத்தொன்றாவது பாரத்தில் அண்ணாச்சி அந்த மந்திரத்தையே எழுதிவிட்டார். முழுசாக ஒரு பக்கம், பன்னிரண்டு வரி. 'ஓம் க்ரீம்' என்று ஆரம்பித்து 'ஹும் பட்' என்று முடியும். நடுவில் இருப்பதை இப்போதும் நான் எழுத மாட்டேன். தம்பி ஒரு திங்கட்கிழமை அதை வாய்விட்டுப் படித்துக் கோர்த்தான். அன்று சாயங்காலம் அச்சாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் அவனுக்கு நெருப்பாய்க் காய்ச்சல்.

காதர் அண்ணன்தான் முதலில் கேட்டார். "பாக்கியம், நேத்து உச்சி வெயில்ல ஒந்தம்பி டீக்கடைக்குப் போகும்போது பாத்தேன். அவன் நெழலக் காணோமே."

"உச்சி வெயில்ல யாருக்குண்ணே நெழல் விழும்? கால் மிதியிலதான் கெடக்கும்."

"அதுக்கில்ல. நான் சும்மா சொன்னேன்" என்றார். சும்மா சொன்னது மத்தியானத்துக்குள் போர்மேனிடம் போய், சாயங்காலத்துக்குள் முதலாளியிடம் போய்விட்டது. கோட்டைக்கு ஒரு மந்திரிதான். எங்கள் அச்சகத்தில் எட்டுப் பேர் மந்திரிகள்.

இதில் எங்கள் தொழிலுக்கே உரிய ஒரு பயமும் சேர்ந்துகொண்டது. மந்திரத்தை நேராகச் சொன்னாலே ஆபத்து. இவனோ ஈயத்தில் திருப்பிக் கோர்த்துவிட்டான். திருப்பிச் சொன்ன மந்திரம் சொன்னவனையே பிடிக்கும் என்று யாரோ சொன்னார்கள். "இத்தன வருசமா சாமி பேரு, கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து எல்லாத்தையும் திருப்பித்தானேய்யா கோத்தோம்? ஊரே விளங்காமப் போயிருக்கணுமே!" என்றேன். ஆனால் ஒருத்தரும் அந்தப் பாரத்தைத் தொடவில்லை. புதன்கிழமை காலையில் போய்ப் பார்க்கிறேன், பாரத்தின் மேல் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கிறது. யார் வைத்தது என்று கேட்டேன். போர்மேன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு விரலைத் துடைக்க ஆரம்பித்தார். வைத்தது யார் என்று அப்போதே புரிந்துவிட்டது.

வேலை நின்றுவிட்டது. எழுத்தெல்லாம் அந்தப் பாரத்துக்குள் மாட்டிக்கிடக்கிறது. கல்யாண மாதம் வேறு. பத்திரிகை அடிக்க வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கெழம சாயங்காலத்துக்குள்ள அந்தப் பாரம் அவுந்தாகணும். இல்ல, சனிக்கெழம விருதுநகர்ல இருந்து வேற ஆளு வாரான். ஒந்தம்பி ஊருக்குப் போயி ஆடு மேய்க்கட்டும்."

"மொதலாளி, அவனுக்குக் காய்ச்சலு..."

"அவன் அவுக்கட்டும், இல்ல நீ அவு. எனக்கு எழுத்து வேணும்."

வீட்டில் அதைவிட மோசம். தம்பிக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. கஞ்சி வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். "யக்கா, அந்த வெளக்கக் கொஞ்சம் கிட்ட கொண்டாயேன். என் நெழல் தெரியுதான்னு பாரு" என்றான். கொண்டுபோய்க் காட்டினேன். சுவரில் மலைபோல விழுந்தது. "அது ஒன்னோடது" என்று கண்ணை மூடிக்கொண்டான். அம்மா அவனைப் பரளச்சிக்குத் தூக்கிப்போய்ப் பேயோட்டுகிற கோடாங்கியிடம் காட்ட வேண்டும் என்று அழுதாள். போனால் திரும்பி வர மாட்டான் என்று எனக்குத் தெரியும். பயந்து ஊருக்குப் போனவன் மறுபடி டவுனில் எழுத்தைத் தொடமாட்டான். அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவள் நான்.

மந்திரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கப் போர்மேனும் நானும் அன்றைக்கே பஸ் ஏறிப் பாளையம்பட்டிக்குப் போனோம். அண்ணாச்சி சீரகம் நிறுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் தராசுத் தட்டு அப்படியே நின்றது. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள்!

"நெசமாவா? நம்ம மந்திரத்துக்கு அம்புட்டு பவரா?"

"அண்ணாச்சி, அந்த மந்திரத்த எங்க படிச்சீக?" என்று போர்மேன் கேட்டார்.

"எங்கயும் படிக்கல. வாய்க்கு வந்தத எழுதுனேன். எழுதிட்டு வீட்டுல அவளுக்கும் சத்தமாப் படிச்சுக் காட்டுனேன்..." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். கடைக்கு வெளியே எட்டி வெயிலில் கையை நீட்டித் தன் நிழலைப் பார்த்தார். இருந்தது. ஆனாலும் வியர்த்துவிட்டது. "ஆமா, அவளுக்குப் போன வாரம் இடுப்பு வலின்னாளே!"

"மாத்து மந்திரம் ஏதும் இருக்கா அண்ணாச்சி?" என்றேன், கிண்டலாகத்தான்.

"இருக்கே! இருபத்திரண்டாவது பாரத்துலயே வருது. அஞ்சனாதேவி நெழலத் திருப்பி ஒட்ட வைக்கிறா. அத அச்சடிச்சா சரியாப் போகும்."

போர்மேன் முகமும் தெளிந்தது. "அப்ப இன்னைக்கே அதக் கோத்துருவோம்" என்று எழுந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டடி நடந்தவர் நின்றுவிட்டார். மாற்று மந்திரத்தைக் கோர்க்க எழுத்து வேண்டும். எழுத்தெல்லாம் அந்த மந்திரத்துக்குள் மாட்டிக் கிடக்கிறது. அதைப் பிரித்தால்தான் இது பிறக்கும். இதைக் கோர்த்தால்தான் அதைத் தொடலாம். அஞ்சனாதேவிக்கே இப்படி ஒரு சிக்கல் வந்ததில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவரிடம் சொன்னேன். "நாளைக்கு நான் பிரிச்சுப் போடுதேன், ஐயா."

"ஒனக்குப் படிக்கத் தெரியாதே."

"அதாங்க நல்லது. ஒங்களுக்கெல்லாம் எழுத்தப் பாத்ததும் வாய்க்குள்ள மந்திரம் ஓடிரும். எனக்கு எழுத்துக்கூட்டணும். மந்திரம் முடியிறதுக்குள்ள பேயி கொட்டாவி விட்டுட்டுப் போயிரும்."

"நியாயந்தான்" என்றார் போர்மேன். என் படிப்பை இப்படி மெச்சியவர் அவர் ஒருவர்தான்.

வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, வியாழக்கிழமை காலையில் அச்சகத்துக்குள் நுழையும் முன் வாசலில் நின்று என் நிழலை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். நீளமாக, ஒல்லியாக, என்னைவிட அழகாக இருந்தது. சிரிக்கிறவளுக்குப் பயம் இல்லை என்று நினைக்காதீர்கள்.

எலுமிச்சம்பழத்தை எடுத்து ஓரமாக வைத்தேன். திருகாணியைத் தளர்த்தினேன். சட்டம் 'டக்'கென்று நெகிழ்ந்தது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எல்லோரும் ஒரு அடி பின்னால் போனார்கள். ஒரு வரியை ஈரத் துணியால் துடைத்து, இடது கையில் ஏந்தி, வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்தேன். பெட்டியின் கண்ணறை ஒவ்வொன்றிலும் மிச்சம் ஒன்றிரண்டு கிடந்ததில் ஒரு எழுத்தை எடுத்து, கையில் இருப்பதோடு உருவம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் போட்டேன். முள்ளு மாதிரி ஒன்று, சுழி மாதிரி ஒன்று, கொக்கு உட்கார்ந்த மாதிரி ஒன்று. போர்மேன் வாசலில் இருந்தபடியே, "அது மூணாவது வரிசத்தா... இல்ல, அதுக்குப் பக்கத்து அற" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. அவர் பார்வைக்கு எட்டாத எழுத்து வந்தால் தூக்கிக் காட்டுவேன். பாதிப் பேர் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

"எந்தங்கச்சி அங்க நிக்கா, அவ நெழல் இன்னும் இருக்குலே!" என்று காதர் அண்ணன் ஆட்டத்துக்கு எண்ணிக்கை சொல்வதுபோல அடிக்கடி கூவிக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குள் மந்திரப் பக்கம் முழுவதும் பெட்டிக்குள் போய்விட்டது. மிச்சம் ஏழு பக்கம் இருந்தது.

அப்போது தெருவில் எங்கள் அம்மா ஓடிவருவது தெரிந்தது. கையில் ஒரு கொத்து வேப்பிலை. தலைமுடி அவிழ்ந்து கிடக்கிறது. என் கையில் இருந்த வரி சிதறி மேஜையில் கொட்டிவிட்டது. தம்பி போய்விட்டான் என்றே நினைத்தேன்.

"ஏத்தா பாக்கியம்! தம்பிக்கு அம்மா வந்துட்டாத்தா! நெஞ்செல்லாம் முத்துப் போட்டுருக்கா!"

வாசலில் நின்ற காதர் அண்ணன் கேட்டார். "பெருசா, சின்னதா?"

"சின்னம்மைதான். பக்கத்து வீட்டுக் கெழவி வந்து பாத்துச் சொல்லிட்டா. வெளயாட வந்துருக்கா, போயிருவான்னு."

அந்த நேரத்தில் அச்சகத்தில் எழுந்த சந்தோஷத்தை நான் எந்தக் கல்யாண வீட்டிலும் பார்த்ததில்லை. ஒருத்தனுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று எட்டுப் பேர் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் அம்மை என்றால் மாரியாத்தா வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று அர்த்தம். ஆத்தா குடியிருக்கிற உடம்புக்குள் எந்த மந்திரம் போகும்? காய்ச்சலுக்குக் காரணம் அவள்தான். அஞ்சனாதேவிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. போர்மேன் கண்ணாடியை இறக்கிவிட்டு, அன்றைக்கு முதல் முறையாக உள்ளே வந்தார். கொட்டிக் கிடந்த எழுத்தைக் கையால் அள்ளினார்.

"நீ வீட்டுக்குப் போத்தா. அம்மை வீட்டுக்காரி வெளிய நிக்கக் கூடாது. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

"பயமா இல்லயா ஐயா?"

"ஆத்தா வீட்டுல இருந்து வந்து தொட்ட கையி. இதுக்கு மேல என்ன பரிகாரம் வேணும்?" என்றார். மூன்று பேர் சேர்ந்து அன்றைக்கே ஏழு பக்கத்தையும் பிரித்துப் போட்டுவிட்டார்கள்.

முதலாளி விருதுநகர் ஆளை வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆத்தா இருக்கிற வீட்டுப் பிள்ளையின் வேலையைப் பறித்தால் நமக்கு என்ன ஆகும் என்று அவருக்கு இன்னொரு பயம். எங்கள் வீட்டு வாசல் வேப்பிலைக்கு வெளியே நின்று இரண்டு இளநீரை வைத்துவிட்டு, "ஆத்தா நல்லபடியா எறங்கட்டும். அவன் எடம் அவனுக்குத்தான்" என்று சத்தமாகச் சொன்னார். என்னிடம் சொன்னாரா, ஆத்தாளிடம் சொன்னாரா தெரியாது. தம்பியிடம் போய்ச் சொன்னேன். உடம்பெல்லாம் கொப்புளம், ஒரே அரிப்பு, ஆனால் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "அப்ப நெழல் போகலயாக்கா?" என்றான். "ஒன் நெழலயெல்லாம் எவ எடுப்பா? அதுக்கு வேற நல்ல நெழலா இல்லையா?" என்றேன். அன்றைக்குத்தான் கஞ்சி குடித்தான். தாளிக்காத கஞ்சி. இரண்டு கிண்ணம்.

அந்த நாவலும் வெளிவந்தது. ராஜா அக்காளைத் தீயில் தள்ளவில்லை, மந்திரியைத்தான் நாடு கடத்தினான். அண்ணாச்சி கடையில் அரிசிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்து விற்றார். போர்மேன் அதற்கப்புறம் என்னைப் பிரித்துப் போடுகிற வேலைக்கு மாற்றிவிட்டார். எழுபதுகள் முழுவதும் அதே வேலைதான். அதில்தான் எழுத்தையும் கற்றுக்கொண்டேன், திருப்பிப் போட்டே. இப்போதும் கண்ணாடியில் தெரிகிற எழுத்து எனக்கு வேகமாக ஓடும்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றிச் சில நாள் கழித்துத் தம்பி வேலைக்கு வந்தான். முகத்தில் தழும்பு, கன்னம் ஒட்டிப்போய், காற்றடித்தால் விழுந்துவிடுவான் போல இருந்தான். எல்லோரும் அவனைச் சுற்றி நின்றோம். பெட்டிக்கு முன்னால் நின்று முதல் எழுத்தை எடுத்தான். கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தான். இன்னொன்றை எடுத்தான். அவன் முகம் மாறியது. மந்திரப் பயம் திரும்பிவிட்டதோ என்று நினைத்தேன்.

"எந்தக் கழுத இந்த எழுத்தையெல்லாம் மாத்திப் போட்டது?" என்று அச்சகமே அதிரக் கத்தினான். "யக்கா! நீதான? இங்க வா. ஒன்னு ரெண்டுன்னா பரவால்ல, இங்க முப்பது நாப்பது கெடக்கு. கண்ணு தெரியுதா தெரியலயா ஒனக்கு?"

நான் சிரித்துக்கொண்டே நின்றேன். சிரிக்கச் சிரிக்க அவன் இன்னும் கத்தினான். போர்மேன் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"திட்டுறதுக்குத் தெம்பு வந்துருச்சுத்தா. இனி ஒந்தம்பியப் பத்திக் கவலப்படாத."